முன்னறையில் வளர்ந்த பவளம்

எங்கள் வீட்டு முன்னறையில் பவளம் வளர்த்தேன் என்று நான் சொன்னால், கேட்பவர்களில் பாதிப்பேர் மோதிரத்தில் பதிக்கிற பவளத்தை நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப்பேர் நான் கதை அளக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு கூட்டத்தோடும் சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால் நடந்ததை முழுவதுமாக எழுதிவிடுகிறேன். நான் வளர்த்தது உயிருள்ள பவளம். கண்ணாடித் தொட்டியில், கடல் தண்ணீரில், சங்கரன்கோவிலில் வளர்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அதைச் செய்திருந்தால் எனக்குத் தெரியாது. யாரும் செய்யவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பா உப்பளத்தில் கணக்குப் பார்த்தார். விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கின கையோடு என்னைக் கல்யாணம் செய்து சங்கரன்கோவிலுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமனாருக்குத் துண்டு வியாபாரம். வீட்டின் பின்கட்டில் விசைத்தறிகள் விடிந்ததிலிருந்து தடதடவென்று ஓடும். கரண்ட் போனால்தான் நாங்கள் ஒருவரோடொருவர் மனிதக் குரலில் பேசுவோம். என் படிப்புக்கு அந்த வீட்டில் இரண்டே வேலைதான் இருந்தது. மாமாவின் மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல வேண்டும். வெளியூர் போகும் பேல்களின், அதாவது துண்டு மூட்டைகளின், மேல் இங்கிலீஷில் விலாசம் எழுத வேண்டும். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும், வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் இதற்கு யாரோடு சண்டை போடுவது? யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. நான் படித்தது யாருக்கும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஒருமுறை பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, என் அண்ணன் என்னைப் படகில் பக்கத்துத் தீவுக்குக் கூட்டிப்போனான். தண்ணீர் வற்றின நேரம். முழங்கால் ஆழத்தில் குனிந்து பார்த்தேன். கல் என்று நினைத்த இடமெல்லாம் பவளம். கல்லூரியில் பாட்டில் மருந்துக்குள் வெள்ளை வெளேரென்று செத்துக் கிடந்ததைத்தான் நான் பார்த்துப் படம் வரைந்திருந்தேன். அதற்கு நிறம் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பச்சையும் தவிட்டு நிறமுமாக, சட்டைப் பொத்தான் அளவில் கூட்டம் கூட்டமாக விரிந்து, விரல் நிழல் பட்டதும் சுருங்கின. மூன்று வருடம் இதைப் படித்துவிட்டு இதைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கியிருக்கிறேனே என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. கரைக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன், இதை வீட்டில் வைத்து வளர்ப்பேன் என்று. அப்போது அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இருந்ததாக எங்களுக்குத் தெரியாது. சுண்ணாம்புக்காகவே பவளக்கல்லைப் படகு படகாக வெட்டிக்கொண்டிருந்த காலம். இன்றைக்கு என்றால் அதில் கை வைக்கவே மாட்டேன்.

என் வீட்டுக்காரர் பொறுமையான மனிதர். தறி மோட்டார்களைப் பிரித்து மாட்டுவதில் கெட்டிக்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "வச்சுப் பாப்போமே" என்றார். எனக்கு வேண்டிய சம்மதம் அதுதான்.

தொட்டி செய்வதிலேயே முதல் அடி விழுந்தது. எங்கள் ஊரில் கண்ணாடி வெட்டுகிறவர் என்றால் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர்தான். அவரிடம் அளவு கொடுத்தோம். இரும்புச் சட்டத்தில், சன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கை வைத்து ஒட்டிக் கொடுத்தார். இரும்பு ஆகாது, உப்புத் தண்ணீர் அரித்துவிடும் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. சோதனைக்கு உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றி வைத்தோம். சில நாளில் மக்கு கரைந்து, துருத் தண்ணீர் முன்னறை முழுக்க ஓடியது. பிறகு மெட்ராஸிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் மூலம் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டுகிற ரப்பர்ப் பசையை வரவழைத்து, நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து ஒட்டினோம். இரும்பே இல்லாத தொட்டி. இரண்டு முழ நீளம் இருக்கும். ஒட்டின இடமெல்லாம் கோணல்மாணல்தான். ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதை நான் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தடவித் தடவிக் காட்டினேன்.

எங்கே வைப்பது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். அந்த வீட்டில் காலை வெயில் நேராக விழுகிற இடம் முன்னறையின் கிழக்குச் சன்னல் ஒன்றுதான். அங்கே மாமா வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசுவார். ஒற்றைக்காலில் நின்று அந்த இடத்தை வாங்கினேன். எங்கள் ஊர் அம்மனே ஒற்றைக்காலில் தவம் நின்றவள். வாக்கப்பட்டு வந்தவள் நான் மட்டும் இரண்டு காலிலா நிற்பேன்? பழைய தறிக் கட்டைகளை அறுத்து மேசை செய்து, மேலே நாலு டியூப்லைட்டை மாட்டினார் என் வீட்டுக்காரர்.

தண்ணீர் தூத்துக்குடியிலிருந்து வந்தது. முதல் தடவை நானே இரண்டு பிளாஸ்டிக் கேனில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சாராயம் என்று நினைத்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மூடியைத் திறந்து கொடுத்து நக்கிப் பாருங்கள் என்றேன். நக்கிப் பார்த்துவிட்டு, கடல் தண்ணிக்கு லக்கேஜ் போடுகிறவளை இப்பத்தான் பார்க்கிறேன் என்று சொல்லி, லக்கேஜும் போட்டார். அதற்குப் பிறகு ராஜபாளையம் பக்கம் போகும் உப்பு லாரிகளில் அண்ணன் ஏற்றி அனுப்பினான். மணலும் வந்தது, தீவிலிருந்து செத்த பவளக் கற்களும் வந்தன. உப்பளத்தில் தண்ணீரின் உப்பை அளக்கிற டிகிரிக் கண்ணாடியை, குச்சி மாதிரி இருக்கும், அப்பா கொடுத்தார். தண்ணீரில் மிதக்கவிட்டால் கடல்தண்ணீர் மூன்று டிகிரியில் நிற்கும். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற டிகிரி ஏறும். உப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு அது ஏற வேண்டும். எனக்கு ஏறக் கூடாது. அந்தக் குச்சியைப் பிடித்துப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் தொழிலை நான் தலைகீழாகச் செய்கிறேன் என்று சிரித்துக்கொள்வேன்.

வற்றிய தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உவர்ப்பேறின எங்கள் கிணற்றுச் சப்புத் தண்ணீர் ஆகாது. இங்கேதான் எனக்கும் அத்தைக்கும், அதாவது என் மாமியாருக்கும், முதல் சண்டை. நல்ல தண்ணீர்க் குழாயில் எப்போது வரும் என்று ஊரே குடத்தோடு காத்துக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு எடுத்து நான் உப்புத் தண்ணீரில் ஊற்றினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஐப்பசி மழையில் மாடியில் டிரம் வைத்து மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டேன். அதோடு அந்தச் சண்டை முடிந்தது. அடுத்தது சாம்பிராணி. தொட்டிக்குக் காற்று அடிக்கிற சின்ன மோட்டார் பக்கத்தில் இருக்கிற காற்றைத்தான் இழுத்து உள்ளே விடும். அத்தை வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுப் புகையை வீடு முழுக்கக் காட்டுவார்கள். அது அப்படியே தண்ணீருக்குள் போகும். நான் வெள்ளிக்கிழமைதோறும் மோட்டாரைத் தூக்கி வெளியே வைத்துக் குழாயைச் சன்னல் வழியாக விட்டேன். சாமிக்குப் போடுகிற புகை ஆகாத வீட்டில் என்ன விளங்கும் என்று அத்தை அடுக்களையில் பாத்திரங்களிடம் கேட்டார்கள். பாத்திரங்களுக்குப் பதில் நான் பதில் சொன்னேன். இப்படியே போனது.

கரண்ட் போனால் காற்று நின்றுவிடும். அதற்கு என் வீட்டுக்காரர் செய்த ஏற்பாட்டை நான் சொல்லாமல் விட்டால் பாவம். லாரி டயரின் உள்டியூபில் சைக்கிள் பம்பால் காற்று அடைத்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயை அதில் மாட்டி, குழாயில் இருக்கிற குட்டிச் சக்கரத்தை உருட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விடுகிற மாதிரி வைத்தார். கரண்ட் வருகிறவரை தொட்டியில் குமிழி வந்துகொண்டே இருக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் கரண்ட் கட்டைத் திட்டுவார்கள். அவர் மட்டும் கரண்ட் எப்போது போகும், டியூபைத் திறந்து காட்டலாம் என்று காத்திருந்தார்.

தண்ணீர் ஊற்றின பிறகு பல வாரம் வெறும் கல்லும் மணலுமாகவே வைத்திருந்தேன். முதலில் நாறும், பிறகு பழுப்பாகப் பாசி படியும், அது தெளிந்த பிறகுதான் உயிரை விட வேண்டும் என்பது நான் புத்தகங்களிலிருந்தும் பாதி என் ஊகத்திலிருந்தும் தேற்றின கணக்கு. பார்க்க வந்தவர்கள் மீன் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அத்தை மட்டும் தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்து, "கல்லையும் தண்ணியையும் வச்சு என்ன பூசையா பண்ணுத?" என்பார்கள்.

தை பிறந்ததும் அண்ணன் வந்தான். சங்கு குளிக்கிற ஒருவர் எடுத்துக் கொடுத்த இரண்டு கல், மூடிபோட்ட வாளித் தண்ணீரில். உப்பு லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து, வாளியை மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தான். ஒரு கல்லில் நான் தீவில் பார்த்த பொத்தான் கூட்டம். இன்னொன்று உள்ளங்கை அளவு மூளைப் பவளம். தொட்டியில் வைத்ததும் எல்லாம் மூடிக்கொண்டு வெறும் கல்லாகக் கிடந்தன. மறுநாள் காலை வெயில் விழுந்தபோது ஒரு பொத்தான் விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. நான் போட்ட சத்தத்தில் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு தண்ணி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மாமா அப்போதுதான் டிவி வாங்க வேண்டும் என்ற யோசனையில் இருந்தார். ஊரில் வசதியான சில வீடுகளில் பனைமர உயரத்துக்குக் கம்பம் நட்டு ஆண்டெனா வைத்து இலங்கை டிவி பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஆடி மாதத்தில் எங்கள் அம்மன் கோவில் திருவிழாவான ஆடித்தபசுக்கு ராயகிரி, சிவகிரி, குருவிகுளம் என்று சுற்றுவட்டாரச் சொந்தமும் வியாபாரிகளும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அதற்குள் முன்னறையில் டிவி இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. முன்னறையில் டிவி என்றால் அந்தச் சன்னலோரம்தான். அந்தச் சன்னல் வெயிலில் டிவியில் படமே தெரியாது என்று நான் வாதாடினேன். அவர் பேச்சை வளர்க்கிற ஆள் இல்லை. வியாபாரம் பேசுகிற மாதிரி ஒரே வார்த்தையில் முடித்தார்.

"ஏம்மா, தவசு வரைக்கும் பாப்போம். உசிரோட இருந்தா அங்கனயே இருக்கட்டும். செத்துப்போச்சுன்னா தொட்டியை எடுத்துருவோம். பெறவு பேச்சு கிடையாது."

சரி என்றேன். மார்தட்டிக்கொண்டு சொன்னேனே தவிர, கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் அது எத்தனை மாதம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. தொட்டி போனால் நான் மறுபடியும் மாத்திரை அட்டை வாசிக்கப் போய்விடுவேன் என்பது மட்டும் தெரியும்.

சித்திரை வெயிலில் தண்ணீர் சூடேறியது. எங்கள் வீட்டுத் துண்டுகளையே நனைத்துத் தொட்டியின் மூன்று பக்கமும் சுற்றி மேசை விசிறியை ஓடவிட்டேன். தண்ணீர் குளிர்ந்தது. விற்கிற சரக்கை எடுத்துத் தொட்டிக்குப் போர்த்துகிறாளே என்று மாமா புலம்பினார். கத்திரி வெயிலும் போனது. குற்றாலக் காற்று வீச ஆரம்பித்தது. பொத்தான் கல்லில் புதிதாகக் குட்டிகள் முளைத்திருந்தன. நான் பாதி ஜெயித்துவிட்டேன் என்று நடமாடினேன்.

பார்க்க வருகிறவர்கள் கையை உள்ளே விடுவதுதான் பெரிய தொல்லை. அத்தையே ஒருநாள் முழங்கை வரை விட்டுப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயங்காட்டினால்தான் நிற்கும் என்று, இது பூ இல்லை, உயிர், தேள் மாதிரி கொட்டும், அதன் கையெல்லாம் கொடுக்குதான் என்று சொன்னேன். பாடப்படி பொய்யும் இல்லை. பவளப்பூச்சிக்குக் கொட்டுகிற உறுப்பு உண்டு, நம் தோலுக்கு உறைக்காது, அவ்வளவுதான். அத்தை கையைச் சட்டென்று எடுத்துவிட்டார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

தபசுக்குச் சில நாள் முன்பு, கொடியேறி ஊர் களைகட்டியிருந்த நேரம், ஒரு காலையில் பொத்தான்கள் விரியவில்லை. வெயில் வந்தும் விரியவில்லை. மறுநாள் கல்லின் மேல் கோழைபோல ஏதோ வழிந்தது. கற்களோடு வந்து கண்ணாடியில் ஒட்டி மேய்ந்துகொண்டிருந்த சின்ன நத்தைகள் கீழே உதிர்ந்து கிடந்தன. மூளைப் பவளத்தின் ஒரு ஓரத்தில் சதை போய் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. டிகிரி பார்த்தேன், மூன்றில் நின்றது. காற்று சரியாக ஓடியது. தண்ணீர் குளிர்ச்சியாகவே இருந்தது. யாரும் சோப்புக் கை விட்டார்களா, கொசு மருந்து அடித்தார்களா என்று வீட்டில் ஒருவர் விடாமல் கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். ராயகிரியிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் மைனி, பிள்ளைகளோடு முந்தின வாரமே வந்திருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல்தான் சந்தேகம்.  மாமா தொட்டியைப் பார்த்துவிட்டு, சுவரில் காலண்டரையும் பார்த்துவிட்டுப் போனார். 

கற்களை வெளியே எடுத்துப் பார்ப்போம் என்று பொத்தான் கல்லை நகர்த்தினேன். அடியில் மணல் பச்சையாக இருந்தது. பாசிப் பச்சை இல்லை. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்துவிட்டால் ஏறுமே, அந்தக் களிம்புப் பச்சை. விரலால் தோண்டினேன். ஒரு செப்புத் தகடு வந்தது. தேள் உரு.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோவில் வாசல் கடைகளில் பாம்பு, தேள் என்று தகட்டில் வெட்டின உருக்கள் விற்கும். விஷப் பூச்சிகளால் ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அதை வாங்கி உண்டியலில் போடுவார்கள். உண்டியலில் போட வேண்டியது என் தொட்டியில் கிடந்தது. செம்பு கொஞ்சம் கரைந்தால் போதும், பவளத்துக்கும் நத்தைக்கும் அது விஷம்.

ஈரக் கையோடு தகட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டின் நடுவில் போய் நின்றேன். மைனியைப் பார்த்து, யாருக்கு இந்த வேலை, நான் தோற்க வேண்டும் என்று யாருக்கு இவ்வளவு ஆசை என்று கேட்டேன். நான் கேட்ட தோரணையில் மைனியின் கண் கலங்கிவிட்டது. அப்போது அத்தை அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள்.

"அவளை எதுக்கு வையுத? நான்தான் போட்டேன்" என்றார்கள். "தேளு மாதிரி கொட்டும்னு நீதானே சொன்ன. கொட்டுறதுக்குத் தேளுதானே நேருவாக. ஒண்ணை உண்டியல்ல போட்டேன். ஒண்ணை இதுல போட்டேன், அதுக்கும் தெரியட்டும்னு."

  எதற்காக நேர்ந்தீர்கள், உங்களுக்குத்தான் இது பிடிக்காதே என்று கேட்டேன்.

"பிடிக்காதுன்னு யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டுச் சன்னலைக் காட்டினார்கள். "வாக்கப்பட்டு வந்த புதுசுல நான் ஒரு தையல் மிஷினு கேட்டேன். அந்தச் சன்னலுகிட்ட போடணும்னு, வெளிச்சம் இருக்குல்லா. நாலு பேரு வந்து உக்காருத எடத்துல பொம்பளைக்கு மிஷினான்னு சொல்லிட்டாக. நான் விட்டுட்டேன். நீ விடல. நீ தோத்துரக் கூடாதுன்னுதான் நேந்தேன்."

 இத்தனை நாள் அந்தத் தொட்டியை நான் ஒருத்தி மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். மைனியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் அத்தை, "அழுகையைப் பெறவு வச்சுக்கிடலாம். இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு" என்றார்கள்.

செம்பு ஏறின தண்ணீரும் மணலும் வெளியே போக வேண்டும், புதுக் கடல்தண்ணீர் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று சொன்னேன். அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். தான் போட்டதுதான் விஷம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. முகம் சுண்டிப்போனது. ஆனால் நேராக மாமாவிடம் போனார்கள். பேல் ஏற்றிப்போக வாசலில் வேன் நின்றிருந்தது. அதைத் தூத்துக்குடிக்கு அனுப்பச் சொன்னார்கள். கேட்கவில்லை, சொன்னார்கள். அவர்கள் மாமாவிடம் அந்தக் குரலில் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. தபசு நேரத்தில் சரக்கு போகாமல் தண்ணிக்கு வண்டியா என்றார் மாமா. துண்டு நாளைக்கும் துண்டாகத்தான் இருக்கும் என்றார்கள் அத்தை.  சும்மா இருந்திருந்தாலே மாமா பந்தயத்தில் ஜெயித்திருப்பார். ஆனால் பேல்களை இறக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் டிரம்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மாடியில் ஒரு டிரம்மில் மாற்றுவதற்காகக் கடல்தண்ணீர் வைத்திருந்தேன். அதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றிக் கற்களை அதில் மாற்றினேன். நான் மணலை அள்ள, மைனி வாளியில் வாங்கிக் கொல்லையில் கொட்டினார்கள். அள்ளுகிற சாக்கில் அவர்களிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். கண்ணாடியை நன்றாகத் தேய் என்று மட்டும் பதில் வந்தது. நடுவில் கரண்ட் போனது. அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் பம்பின் மேல் கால் வைத்து லாரி டியூபுக்குக் காற்று அடித்தார்கள். தறி நின்ற வீட்டில் அந்தப் பம்பின் சத்தம் மட்டும் கேட்டது. பொழுது சாய்வதற்குள் வேன் வந்துவிட்டது. தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, டிகிரிக் கண்ணாடியை மிதக்கவிட்டேன். மூன்றில் நின்றது. கற்களை வைத்தேன். அதற்கு மேல் நான் படித்த படிப்பில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் பொத்தான்கள் மூடியே கிடந்தன. மூளைப் பவளத்தின் வெள்ளை இன்னும் கொஞ்சம் பரவி, பாதிக்கு வந்து நின்றது. வீட்டில் எல்லோரும் என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

தபசன்று காலையில் ஊரெல்லாம் கூட்டம். எங்கள் முன்னறையிலும் கால் வைக்க இடமில்லை. மாமா தன் நாற்காலியில் வியாபாரிகளோடு உட்கார்ந்திருந்தார். நான் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. வெயில் சன்னலுக்கு வந்து கொஞ்ச நேரம் கழித்து மாமாதான் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கல்லின் ஓரத்தில் நாலைந்து பொத்தான்கள் விரிந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒன்று மெதுவாக இதழ் பிரித்தது. மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூளைப் பவளத்தைக் காட்டி, "இது பாதி செத்துப்போச்சே" என்றார்.

"பாதி உசிரோட இருக்குல்லா மாமா. பந்தயத்துல பாதிப் பேச்சே கிடையாது" என்றேன்.

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். டிவியைப் பக்கத்து அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோர் முன்னிலும் அவரே சொன்னார். எனக்கு ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டு காபி போட அடுக்களைக்குப் போனேன்.

தட்டில் காபி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது தொட்டியைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். குருவிகுளத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இது என்ன சாமி என்று கேட்டார்கள். அத்தை தொட்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"சாமி இல்ல, உசிரு. பூன்னு நினைச்சுத் தொட்டுராதீக. ஒவ்வொண்ணுக்கும் ஒரே வாயிதான். திங்குறதும் அதுலதான், கழிக்கிறதும் அதுலதான். கல்லு இருக்குல்லா, அது அதுக கட்டுன வீடு. கூட்டுக் குடும்பம். ஒண்ணு தின்னா எல்லாத்துக்கும் போய்ச் சேரும். செம்பு மட்டும் ஆகாது, மோதிரக் கையை உள்ள விட்டுராதீக."

பெண்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார்கள்.

"என் மருமக" என்றார்கள் அத்தை. "இது அவ படிச்ச படிப்பு. காலேஜில போயி இதத்தான் படிச்சிருக்கா."

கல்லூரித் தேர்வில் இதே கேள்விக்கு நான் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் இவ்வளவு தெளிவு இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கையில் தட்டு இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. அத்தை என்னைப் பார்த்துவிட்டு, காபியை அங்கே வைத்துவிட்டு இங்கே வந்து மீதியைச் சொல், எனக்கு இவ்வளவுதான் தெரியும் என்றார்கள். கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. நான் தட்டை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று மீதியைச் சொன்னேன்.